கேரளக் கடலில் கரையோரம் சேறு, தள்ளிப் போனால் மணல்: எப்படி?

தென்கரை எழுதியது:

கேரளக் கடல்மணல் ஏலத்தைப் பற்றிப் படிக்கப் போய் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பின்னணி தெரியாதவர்களுக்கு: 2024 நவம்பர் 28 அன்று மத்திய சுரங்க அமைச்சகம் 13 கடல் கனிமத் தொகுதிகளை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. குஜராத் பக்கம் சுண்ணாம்புச் சேறு, கிரேட் நிக்கோபார் பக்கம் உலோக முடிச்சுகள் (உலோகம் செறிந்த கடலடிக் கட்டிகள்), கேரளத்துக்கு வெளியே கட்டுமான மணல். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை (ஜி.எஸ்.ஐ.) பொன்னானி, சாவக்காடு, கொச்சி, கொல்லம் வடக்கு, கொல்லம் தெற்கு என ஐந்து இடங்களில் சுமார் 74.5 கோடி டன் மணல் கிடப்பதாகக் கணக்கிட்டிருக்கிறது. 2025 பிப்ரவரி 27 அன்று மீனவர்கள் கேரளக் கடற்கரை முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள்.

என் கேள்வி அரசியல் இல்லை. ஆறு கடலில் விழுந்ததும் கனமான மணல் கரையோரமே தங்கிவிடும், லேசான சேறு மிதந்து தூரம் போய்ப் படியும் என்றுதான் படித்திருக்கிறோம். கொச்சி, ஆலப்புழை பக்கம் பார்த்தால் நேர் எதிர். கரையை ஒட்டிச் சேறு. மழைக்காலத்தில் 'சாகரா' (அலை அடங்கி மீன் குவிகிற சேற்றுக்கரை) வருவதே அந்தச் சேற்றால்தான். மணலோ அதையெல்லாம் தாண்டி ஆழத்தில் கிடக்கிறது. கனமான சரக்கு எப்படிச் சேற்றைத் தாண்டிப் போனது?

---

மண்ணடுக்கு எழுதியது:

மணல் எங்கேயும் போகவில்லை தென்கரை. அது இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. கரைதான் அதை விட்டுவிட்டு வந்துவிட்டது.

கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தது சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன். அன்றைக்கு உலகக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே. அவ்வளவு தண்ணீரும் வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் பனியாக உட்கார்ந்திருந்தது. கண்டத்திட்டு என்பது கரையை ஒட்டி ஆழமில்லாமல் நீளும் கடல்தரை. அதன் விளிம்பு பெரும்பாலான இடங்களில் நூறு மீட்டரைச் சற்றுத் தாண்டிய ஆழத்தில்தான் இருக்கிறது. அப்படியானால் இன்று கண்டத்திட்டு என்று சொல்கிற பரப்பில் பெரும்பகுதி அன்று காய்ந்த நிலம். மும்பைக்கு மேற்கே முந்நூறு கிலோமீட்டர் நடந்துதான் கடலைப் பார்த்திருக்க முடியும். ஆறுகள் அந்தச் சமவெளியைக் கடந்து போய் அங்கே கழிமுகம், கடற்கரை, மணல்மேடு எல்லாம் போட்டன.

பிறகு பனி உருகக் கடல் ஏறியது. ஒரே சீராக ஏறவில்லை. சுமார் 14,600 ஆண்டுகளுக்கு முன் ஒரு பாய்ச்சல்: சில நூறு ஆண்டுகளுக்குள் பன்னிரண்டு முதல் இருபது மீட்டர் வரை ஏறியது. நடுவில் மெதுவான காலங்களும் உண்டு. சுமார் 11,500 ஆண்டுகளுக்கு முன் கரைக்கோடு ஏறத்தாழ 60 மீட்டர் ஆழக்கோட்டில் நின்றது. சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை நெருங்கிவிட்டது. நீங்கள் சொல்கிற கொல்லம் மணல் ஐம்பது, அறுபது மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்றால், அது இன்றைய ஆறு கொண்டுவந்தது இல்லை. பதினோராயிரம் ஆண்டுக்கு முந்தைய கடற்கரையின் மிச்சம்.

நீங்கள் படித்த பாடத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. வெளியே போகப் போகப் படிவு நுண்ணியதாகும் என்று 1919-இல் டக்ளஸ் ஜான்சன் எழுதினார். 1932-இல் பிரான்சிஸ் ஷெப்பர்ட் அதைக் கேள்வி கேட்டார். அதற்கு அவர் கையில் எடுத்தது மாலுமிகளின் வரைபடங்களை. அந்தக் காலத்தில் ஆழம் பார்க்க ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். குண்டின் அடியில் ஒரு குழி, அதில் மாட்டுக் கொழுப்பு அப்பியிருக்கும். தரையில் முட்டியதும் மணலோ சேறோ சிப்பித்தூளோ அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். ஆழத்துக்குப் பக்கத்தில் அதையும் வரைபடத்தில் குறித்துவிடுவார்கள். இப்படி நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த குறிப்புகளைக் கூட்டிப் பார்த்தால் 'வெளியே போகப் போக நுண்மை' என்ற ஒழுங்கு பெரும்பாலான இடங்களில் கிடைக்கவில்லை. 1968-இல் எமெரி, உலகக் கண்டத்திட்டுகளில் சுமார் 70 சதவீதப் பரப்பை மூடியிருப்பது இப்படிப்பட்ட பழைய, எஞ்சிய படிவுதான் என்று கணக்கிட்டார்.

---

நீரோடித்துறை எழுதியது:

இத நாங்க வலையிலயே பாக்குறோம். கரைய விட்டுப் போகப் போக முதல்ல மணல், அப்புறம் சேறு, அப்புறம் மறுபடியும் மணல், நடுநடுவுல பாறைத் தரை, அதத்தான் பார்னு சொல்லுவோம். எந்த இடத்துல என்ன தரைன்னு தெரியாம வலை விட்டா கிழிச்சிக்கிட்டு வர வேண்டியதுதான். எங்க அப்பா காலத்துல ஆழத்தப் பாகத்துலதான் (ரெண்டு கையையும் விரிச்ச நீளம் ஒரு பாகம்) சொல்லுவாங்க, இத்தன பாகத்துல சேறு, இத்தன பாகத்துல பார்னு மனப்பாடம். இறால் சேத்துல, களவா பார்ல. மணல்ல ஒண்ணும் இல்லன்னு படிச்சவங்க நெனப்பாங்க. கணவாய் முட்ட வைக்கிறது எங்க, குஞ்சு மீன் மேயுறது எங்கன்னு எங்ககிட்டக் கேக்கணும்.

அண்ணே, ஒரு சந்தேகம். பழைய கடற்கரைன்னா கோடு மாதிரி ஒரே எடத்துலதான இருக்கணும்? இது விரிச்சுப் போட்ட மாதிரி கெடக்கு.

---

கணக்கன் எழுதியது:

எனக்கும் முழுசாக ஒப்பவில்லை. பருவமழைக் காலத்து அலை அரபிக்கடலில் சாதாரணமானது இல்லை. புயல், அடிநீரோட்டம் எல்லாம் சேர்ந்து இன்றைய மணலை இழுத்துப் போயிருக்கலாமே? 'பழசு' என்பதற்கு ஆழத்தைத் தவிர வேறு என்ன ஆதாரம்? ஆழத்தை வைத்து வயது, வயதை வைத்துக் கரைக்கோடு என்று போனால் வட்டமடிக்கிற வாதம்.

---

மண்ணடுக்கு எழுதியது:

நல்ல கேள்விகள் இரண்டு. முதலில் கணக்கனுக்கு.

ஆழத்தை வைத்து யாரும் முடிவு செய்வதில்லை. சாம்பிளைக் கழுவி, சல்லடையில் அலசி, லென்ஸில் பார்க்க வேண்டும். இன்றைய கடற்கரை மணலில் குவார்ட்ஸ் பளிச்சென்று இருக்கும். இந்த வெளித்திட்டு மணலில் பல மணிகளின் பள்ளங்களில் பழுப்பு இரும்புக்கறை பிடித்திருக்கும். அது காற்றும் வெயிலும் பட்ட நிலத்தில் ஏறும் கறை. கூடவே சிப்பித்துண்டுகள், ஓரமெல்லாம் மழுங்கி, சுண்ணாம்பு போல வெளுத்துப் போனவை. கழிமுகத்திலும் ஆழமில்லாத நீரிலும் மட்டும் வாழ்கிற இனங்கள் அவற்றில் இருக்கும். ஐம்பது மீட்டர் ஆழத்தில் அவற்றுக்கு வேலையே இல்லை. நுண்ணுயிர் ஓடுகளின் அறைகளுக்குள் கரும்பச்சையாக ஒரு கனிமம் நிரம்பியிருப்பதையும் பார்க்கலாம். அது கிளாக்கோனைட். புதுப் படிவு வந்து மூடாமல் தரை நெடுங்காலம் சும்மா கிடந்தால்தான் அது வளரும்.

மேற்கு கண்டத்திட்டின் வடபகுதியில் இன்னும் தெளிவான சாட்சி உண்டு. அங்கே வெளித்திட்டில் ஊலைட் கிடைக்கிறது: மீன்முட்டை மாதிரி உருண்ட சுண்ணாம்பு மணிகள். வெதுவெதுப்பான, சில மீட்டர் ஆழமே உள்ள, அலை அடிக்கிற நீரில்தான் அவை உருவாகும். கடல் தாழ்ந்திருந்தபோது அங்கே அப்படி ஒரு ஆழமில்லாத நீர் இருந்தது. மும்பைக்கு வெளியே 92, 85, 75, 55 மீட்டர் ஆழங்களில் படிக்கட்டு போன்ற தளங்களை 1974-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். கடல் ஏறுகிற வழியில் நின்று நின்று வந்த இடங்கள் அவை. குஜராத் சுண்ணாம்புச் சேறும் இதே கதையின் இன்னொரு பக்கம்தான்.

சிப்பிகளுக்கு ரேடியோகார்பன் வயதும் எடுக்கலாம். ஆனால் ஒரே சாம்பிளில் எட்டாயிரம் வருடச் சிப்பியும் நேற்றைய சிப்பியும் கலந்து கிடக்கும். சிப்பியின் வயதைத் தூக்கி அப்படியே மணலுக்குக் கொடுக்கக் கூடாது.

புயல் மணலை இழுக்காதா என்றால், இழுக்கும். ஐம்பது மீட்டரிலும் பெரிய அலை தரையை அசைத்து வரிவரியாக்கும். ஆனால் கரடுமுரடான மணியைச் சேற்றுப் பரப்புக்கு மேலே பல கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு போய், நடுவில் ஒரு தடயமும் விடாமல் அங்கே மட்டும் குவிப்பது அதனால் ஆகாது. இன்றைய கேரள ஆற்று மணல் கடலுக்கே சரியாக வந்து சேர்வதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வேம்பநாட்டுக் காயல் போன்றவை கடல் ஏறியபோது மூழ்கிய பள்ளத்தாக்கு வாய்கள். மணலை அவை பிடித்து வைத்துக்கொள்கின்றன. நுண்சேறு மட்டும் தப்பி வெளியே வந்து கரையோரமே படிகிறது. கரையோரம் சேறு, தூரத்தில் மணல் என்ற உங்கள் தலைகீழ் வரிசைக்கு இவ்வளவுதான் காரணம் தென்கரை.

இனி நீரோடித்துறைக்கு. கரை ஒரு கோடு. ஆனால் அந்தக் கோடு நகர்ந்துகொண்டே வந்ததால்தான் அது விரிப்பாகிவிட்டது. கடல் ஏறும்போது அலை, கரையை அறுத்துக்கொண்டே நிலத்துக்குள் வரும். பழைய மணல்மேட்டின் மேல் சில மீட்டரைச் சீவி எடுக்கும். நெல் தூற்றுவது மாதிரி சேறு பறந்து போகும், கனமான மணலும் சிப்பியும் அங்கேயே தங்கும். அறுத்த தளத்துக்கு மேலே மெல்லிய மணல் விரிப்பு ஒன்று மிஞ்சும். அதனால்தான் பரப்பு பெரிதாகத் தெரிகிற இடத்திலும் தடிமன் பல வேளை ஒன்றிரண்டு மீட்டர்தான். தடிமனாகக் கிடைக்க வேண்டும் என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும். கடல் ஒரே இடத்தில் நெடுங்காலம் நின்று மணலைக் குவித்திருக்க வேண்டும், இல்லை பழைய ஆற்றுப் பள்ளம் ஒன்று அறுப்புக்குத் தப்பி நிரம்பியிருக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. கடல் திடீரென்று பாய்ந்து ஏறினால் அலைக்கு அறுக்க நேரம் இருக்காது. மணல்மேடு நின்ற கோலத்திலேயே முழுகிவிடும். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வெளியே 60 மீட்டர் ஆழத்தில் அப்படி ஒரு கரைத்தடுப்பு (கரைக்கு இணையாக நீளும் மணல்மேடு) முழுசாகக் கிடக்கிறது. சுண்ணாம்பு இறுகிப் பாறையாகிவிட்டதும் அது தப்பியதற்கு ஒரு காரணம். உங்கள் பார்களில் சிலவும் அந்தச் சாதிதான்: மணலும் சிப்பியும் சுண்ணாம்பால் இறுகிய தளம்.

---

தமிழ்வேந்தன்_77 எழுதியது:

ஆக, கன்னியாகுமரிக்குத் தெற்கே நிலம் இருந்தது என்று அறிவியலே ஒப்புக்கொண்டுவிட்டது. குமரிக்கண்டம் பொய் என்று சொன்னவர்கள் எங்கே?

---

நெறியாளர் எழுதியது:

இந்த இழையில் இதற்கு ஒரே பதில், பிறகு விஷயத்துக்குத் திரும்புவோம். கடல் 120 மீட்டர் இறங்கியபோது குமரிக்குத் தெற்கே வெளிவந்தது கண்டத்திட்டின் விளிம்பு வரையிலான ஒரு பட்டை, சில பத்து கிலோமீட்டர். பாக் நீரிணை முழுக்கத் தரையாக இருந்தது. தமிழகமும் இலங்கையும் ஒரே நிலம். அது உண்மை, அதுவே போதுமான வியப்பு. விளிம்பைத் தாண்டினால் கடல் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம். எந்தப் பனியுகத்திலும் அது வெளியே வந்ததில்லை. மடகாஸ்கர் வரை நீள்கிற கண்டத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய்ச் சண்டை போடுங்கள்.

---

செம்மணல் எழுதியது:

நெறியாளர் மன்னிக்கவும், கடலுக்கு வெளியே வந்த அந்தப் பட்டைக்கு இங்கே ஒரு சாட்சி இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக முடியாது. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிகள். குதிரைமொழித் தேரியில் நின்றால் கண்ணுக்கு எட்டிய வரை சிவப்பு மணல்மேடு. அவ்வளவு மணல் காற்றுக்கு எங்கிருந்து கிடைத்தது? மன்னார் வளைகுடாவின் திட்டு காய்ந்து கிடந்த காலத்து மணலும் அதில் சேர்ந்திருக்கிறது என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கிற விளக்கங்களில் ஒன்று. ஒளிர்வு முறையில் (மணல் கடைசியாக வெயில் பட்ட காலத்தை அளக்கும் முறை) எடுத்த வயதுகளில் ஒரு தொகுதி 11,000 முதல் 5,000 சொச்சம் ஆண்டுகள் வரை வருகிறது. கடல் ஏறி வந்துகொண்டிருந்த காலம் அது.

அந்த மேடுகளில் நுண்கற்கருவிகள் கிடைத்ததை 1956-இல் சாய்னரும் ஆல்சினும் எழுதினார்கள். அப்போது இந்த மணலுக்கு நேரடியாக வயது எடுக்க வழி இல்லை. பழைய கடல்மட்டத்தோடு மேடுகளைப் பொருத்தித்தான் காலத்தை ஊகித்தார்கள்.

---

கணக்கன் எழுதியது:

மண்ணடுக்கு, இரும்புக்கறை, சிப்பி இனம் இரண்டும் நல்ல ஆதாரம். சரி. இன்னொரு பக்கம் கேட்கிறேன். கிழக்கே காவிரி, கோதாவரி, கங்கை எல்லாம் கொட்டுகிறதே, அங்கேயும் இதே கதையா?

---

மண்ணடுக்கு எழுதியது:

கங்கை தனி ரகம். கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் நூறு கோடி டன் வண்டல் கொண்டுவருகின்றன. உலகத்தின் பெரும்பாலான டெல்டாக்கள் சுமார் 8,500 முதல் 6,500 ஆண்டுகளுக்கு முன், கடல் ஏறும் வேகம் குறைந்த பிறகுதான் உருவாகத் தொடங்கின. அதுவரை ஆறு போட்டதைக் கடல் முழுங்கிக்கொண்டே வந்தது. கங்கை டெல்டாவோ கடல் வேகமாக ஏறிக்கொண்டிருந்தபோதே, சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பே, தாக்குப்பிடித்து வளரத் தொடங்கிவிட்டது. பருவமழை அப்போது பலமாக இருந்ததால் வண்டல் இன்றைக்கு வருவதைப்போல் இரு மடங்குக்கும் மேல் வந்தது. ஆக, கரைக்கோடு எங்கே நிற்கும் என்பதைக் கடல்மட்டம் தனியாகத் தீர்மானிப்பதில்லை. எதிரே எவ்வளவு மண் வந்து விழுகிறது என்பதோடு அது கணக்குத் தீர்க்க வேண்டும்.

கடல் தாழ்ந்திருந்தபோது அந்த மண் திட்டில் தங்கவில்லை. வங்கதேசத்துக்குத் தெற்கே 'ஸ்வாட்ச் ஆஃப் நோ கிரவுண்ட்' என்று ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு திட்டை வெட்டிக்கொண்டு போகிறது. அதன் வழியாக எல்லாம் ஆழ்கடலுக்கு இறங்கியது. வங்காள விசிறி என்கிறோமே, சுமார் 3,000 கிலோமீட்டர் நீண்டு இலங்கையைத் தாண்டித் தெற்கே போகிற வண்டல் குவியல், அது அப்படிச் சேர்ந்தது. கடல் தாழ்ந்தால் மண் ஆழத்துக்குப் போகும், உயர்ந்தால் கழிமுகத்திலும் உள்திட்டிலும் சிக்கும்.

---

ராட்டர்டாம்_தமிழன் எழுதியது:

நெதர்லாந்தில் தூர்வாரும் கப்பல் துறையில் வேலை செய்கிறேன். இங்கே இந்த மணலை ஆண்டுதோறும் எடுக்கிறோம். வடகடலின் தென்பாதி பனியுகத்தில் வெறும் சமவெளி, ரைன் அதன் மேல் ஓடியது. 1931-இல் கொலிண்டா என்ற இழுவைப் படகின் வலையில் இங்கிலாந்தின் நார்ஃபோக் கரைக்கு வெளியே மட்கிய செடிகள் இறுகிய ஒரு கட்டி (பீட்) வந்தது, அதை உடைத்தால் உள்ளே மான்கொம்பில் செய்த முள் ஈட்டிமுனை. இன்றைக்கும் மணல் கொட்டிய கரைகளில் ஜனங்கள் மாமூத் பல் பொறுக்கப் போகிறார்கள். எஞ்சிய படிவு என்றால் என்ன என்று இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

விதி எளிது: 20 மீட்டர் ஆழக்கோட்டுக்கு வெளியேதான் எடுக்கலாம். 2011-இல் 'மணல் மோட்டார்' என்ற திட்டத்தில் சுமார் 2.15 கோடி கனமீட்டரை ஒரே கரையில் கொட்டினார்கள். இங்கே மணலை எடுப்பது கரையைக் காப்பாற்றத்தான். ஒழுங்காகச் செய்தால் கெடுதல் என்று சொல்ல மாட்டேன்.

---

நீரோடித்துறை எழுதியது:

தம்பி, உங்க ஊர்ல எடுத்த மணல உங்க ஊர்க் கரையிலயே கொட்டுறீங்க. இங்க எடுத்தா லாரியில ஏறிப் பில்டிங்குக்குப் போகும். ரெண்டும் ஒண்ணா?

இன்னொண்ணு, கொல்லம் பரப்பு, அதான் கொல்லத்துக்கு வெளிய இருக்குற மீன்பிடி எடம், அந்தப் பக்கம் எத்தன ஊர்ப் படகு, எத்தன விதமான வலை ஓடுதுன்னு வந்து பாருங்க. தரைய உறிஞ்சினா தண்ணி கலங்கும். கச்சான் (மேல்காத்து) காலத்து நீவாட்டுல (நீரோட்டத்துல) அந்தக் கலங்கல் எங்க போய் நிக்கும்னு எந்த ரிப்போர்ட்லயும் நான் பாக்கல. பள்ளம் விழுந்தா அதுல சேறு வந்து ரொம்பும். மணல்ல இருந்ததெல்லாம் சேத்துல இருக்காது.

---

தென்கரை எழுதியது:

செல்லானத்திலும் ஆறாட்டுப்புழையிலும் கடலரிப்பு ஏற்கெனவே வீடுகளைத் தின்றுகொண்டிருக்கிறது. வெளியே மணலை எடுத்தால் கரை மணல் அந்தக் குழிக்குள் சரிந்து போகும் என்று போராட்டத்தில் பேசுகிறார்கள். மண்ணடுக்கு, இது நடக்குமா?

---

மண்ணடுக்கு எழுதியது:

நான் போராட்டத்தின் பக்கம்தான். ஆனாலும் அந்த வாதம் பலவீனமானது, அதைத் தூக்கிப் பிடித்தால் எதிர்த்தரப்பு ஒரே அடியில் உடைத்துவிடும். கரைக்கும் கடலுக்கும் நடுவே மணல் போய்வருவது பெரும்பாலான கரைகளில் பத்து, பதினைந்து மீட்டர் ஆழத்துக்குள் முடிந்துவிடும். ஐம்பது மீட்டரில் விழும் பள்ளம் செல்லானத்து மணலை நேராக இழுக்காது. அங்கே நடுவில் சேற்றுப் பட்டை வேறு இருக்கிறது. செல்லானத்து அரிப்புக்குக் காரணத்தைத் துறைமுகக் கால்வாய், அலைத்தடுப்புச் சுவர், ஆற்றில் மணல் வராதது ஆகியவற்றில் தேட வேண்டும்.

பலமான வாதம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த மணல் திரும்பி வராது. ஆற்று மணலை அள்ளினால் அடுத்த வெள்ளத்தில் கொஞ்சமாவது வரும் என்று சொல்லலாம். இது 11,000 ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை வந்த சரக்கு. கொண்டுவந்த ஆறு பின்வாங்கிவிட்டது, கரையும் பின்வாங்கிவிட்டது. மறுபடி அங்கே மணல் படிய வேண்டும் என்றால் கடல் ஐம்பது மீட்டர் இறங்க வேண்டும். இன்று அது ஏறிக்கொண்டிருக்கிறது: 2006 முதல் 2018 வரை ஆண்டுக்குச் சுமார் 3.7 மில்லிமீட்டர்.

அதே சமயம் எஞ்சியது என்பதால் செத்தது என்று எழுதித் தள்ளவும் கூடாது. 1971-இலேயே ஸ்விஃப்ட், ஸ்டான்லி, கர்ரே மூவரும் இதைச் சொல்லிவிட்டார்கள். பழைய மணலை இன்றைய அலையும் நீரோட்டமும் புரட்டி, மேலே புது முகம் கொடுத்துக்கொண்டேதான் இருக்கின்றன. அந்த மேல்முகத்தில்தான் நீரோடித்துறை சொல்கிற கணவாயும் குஞ்சு மீனும் இருக்கின்றன.

---

கணக்கன் எழுதியது:

அப்படியானால் 74.5 கோடி டன் என்ற எண்ணே கேள்விக்குரியது இல்லையா? பரப்பைத் தடிமனால் பெருக்கி வந்த எண்தானே. தடிமன் ஒன்றிரண்டு மீட்டர் என்று நீங்களே சொன்னீர்கள்.

---

மண்ணடுக்கு எழுதியது:

எண்ணைச் சந்தேகப்படக் காரணம் இல்லை. அவர்கள் கப்பலில் போய் சாம்பிள் எடுத்தவர்கள். ஆனால் சராசரித் தடிமனுக்குப் பின்னால் எவ்வளவு ஏற்ற இறக்கம் ஒளிந்திருக்கிறது என்பது முக்கியம். பழைய ஆற்றுப் பள்ளத்தின் மேல் பல மீட்டர் இருக்கும், நூறடி தள்ளினால் அரை மீட்டர்கூட இருக்காது.

தென்கரை, கருத்துக் கேட்புக் கூட்டம் எதற்காவது போனால் இவற்றைக் கேளுங்கள். கோர் (கடல்தரையில் குழாயை இறக்கி எடுக்கும் சாம்பிள்) எடுத்த புள்ளிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி? மணலுக்கு அடியில் என்ன இருக்கிறது, சேறா, செம்பாறையா, பழைய கழிமுகக் களிமண்ணா? எடுத்த பிறகு தரையில் எவ்வளவு தடிமன் மணலை விட்டுவைப்பார்கள்? முழுசாகச் சுரண்டி அடிக்களிமண்ணைத் திறந்துவிட்டால் அது வேறு தரை, அங்கே வருவது வேறு உயிர். ராட்டர்டாம் நண்பருக்கு இதில் சொல்ல இன்னும் இருக்கும்.

---

ராட்டர்டாம்_தமிழன் எழுதியது:

இருக்கிறது. எடுக்கும் முன் தரையில் என்னென்ன உயிர் இருந்தது என்று அடிப்படைக் கணக்கு எடுத்திருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். அது இல்லாமல் ஆரம்பித்தால் பிறகு எது கெட்டது என்று எவராலும் நிரூபிக்க முடியாது. பக்கத்திலேயே தொடாமல் விட்ட ஒரு பகுதியும் வேண்டும், ஒப்பிடுவதற்கு.

---

நீரோடித்துறை எழுதியது:

அவங்க போட்ட மேப்புல பார் எங்கெங்க இருக்குன்னு குறிச்சிருக்கானான்னும் சேத்துக் கேளுங்க அண்ணே. குறிக்கலன்னா எங்க சங்கத்துல மூத்தவங்க நாலு பேர உக்கார வெச்சு ஜிபிஎஸ் புள்ளியோட எழுதிக் குடுக்கிறோம்.